அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோகாதே

எங்கள் ஊரில் ஆய்வு செய்யப்படாத மனிதர் எவரும் மிச்சம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. வினாக்கொத்தோடு ஒரு பிள்ளை வாசலுக்கு வந்தாலே போதும், வீட்டுத் திட்டத்துப் பெண்கள் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "வயசு முப்பத்தெட்டு, நாலு புள்ள, அவரு மீன் யாவாரம்" என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளுடைய கல்வி, நீரிழிவு நோயாளிகள் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறார்களா, கைத்தொலைபேசியும் சாதாரண தர மாணவரும், கல்முனைக் கடைகளில் வாடிக்கையாளர் திருப்தி, பெண்களின் சுயதொழில். தலைப்புகள் சுற்றிச் சுற்றி இவைதான். ஊரின் பெயரும் ஆய்வேட்டு மட்டையின் நிறமும்தான் மாறும்.

இப்படி ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னைத் தேடி வருகிறார்கள். நான் ஆசிரிய ஆலோசகர், கல்வியில் முதுமாணி முடித்தவள், இலவசமாகத் திருத்திக் கொடுப்பவள் என்று பெயர் போயிருக்கிறது. ஆய்வு முறையியல் அத்தியாயத்தைக் கையில் எடுத்தால் நான் கொஞ்சம் பொல்லாதவள். "இந்த அம்பது பேரையும் எங்க புடிச்சீங்க? வீட்டில காத்தாடிக்குக் கீழ இருந்து நீங்களே புள்ளடி போட்டீங்களா?" என்று கேட்பேன். சிலருடைய முகம் அங்கேயே வெளுத்துவிடும். "பொய் எழுதுறதெண்டா கதை எழுதுங்க, ஆய்வு எழுதாதீங்க" என்பேன். நன்றாகத்தான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இவ்வளவு காலமும் யாரும் என்னிடம் திருப்பிக் கேட்காததால் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் கடற்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் நான்குக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தரத்தின் இரண்டு வகுப்பிலும் சேர்த்து வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் இருபது பேர். முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைந்த எனக்கு அந்த இருபது பேரும் கண்ணுக்கு முன்னால் இருந்தார்கள். என் எண்ணம் எளிமையானது. பாடப்புத்தகத்துத் தமிழ் இந்தப் பிள்ளைகளின் வாயில் இல்லாத தமிழ். அதனால் முதலில் வீட்டில் கேட்கிற சொற்களை வாசிக்கட்டும், பிறகு புத்தகத்துக்குப் போகலாம். உம்மா, கிணறு, வளவு, சுளகு, ஏணை என்று வீட்டுச் சொற்களைப் பால்மாப் பெட்டிகளை வெட்டிய அட்டைகளில் பெரிதாக எழுதினேன். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஆய்வென்றால் ஒப்பிட வேண்டும். பத்துப் பேருக்கு மூன்று மாதம் பாடசாலை விட்ட பிறகு அட்டைகளோடு படிப்பிக்க வேண்டும், மற்றப் பத்துப் பேருக்கு வழமையான வகுப்பு மட்டும். முதற்குழு பரிசோதனைக் குழு, மற்றது கட்டுப்பாட்டுக் குழு. என்னுடைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னார்: "ரெண்டாவது குழுவ நீங்க தொடவே வேணாம். தொட்டா உங்கட முடிவுக்குப் பெறுமதி இல்ல." ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்து, என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினேன். முதலில் வந்த பத்துத் துண்டும் முதற்குழு.

அந்த இருபது பேரில் இரண்டு பெண்பிள்ளைகளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இவர்களுடைய தாய்மார் உடன்பிறந்த சகோதரிகள். மூத்தவருக்குப் பெற்றோரின் முன்வீடு, இளையவருக்கு அதே வளவில் பின்னால் கட்டிய வீடு. இடையில் ஒரு கிணறும் ஒரு மாமரமும். முன்வீட்டுப் பிள்ளை எட்டு மாதம் மூத்தவள். பின்வீட்டுப் பிள்ளை அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். என் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தியின் இடியப்பத்தை இருவருமாகத் தின்று முடிப்பார்கள். வாசிக்கத் தெரியாததிலும் இருவரும் ஒற்றுமை. சீட்டில் முன்வீட்டுப் பிள்ளை முதற்குழுவில் விழுந்தாள், பின்வீட்டுப் பிள்ளை இரண்டாவதில்.

ஒரே வளவுப் பிள்ளைகளை இரண்டு குழுவுக்குப் பிரித்தால் என்ன நடக்கும் என்று வெளியூர் ஆள் ஒருவருக்குத் தெரியாமல் போகலாம். நான் இந்த மண்ணில் பிறந்தவள். என் சொந்தச் சகோதரி என் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்கிறாள். நான் ஆக்கும் கறியில் ஒரு கோப்பை தினமும் அவளுடைய வீட்டுக்குப் போகும். ஆனாலும் எனக்கு அது தோன்றவே இல்லை. பதிவேட்டில் இரண்டு பிள்ளைக்கும் வேறு வேறு தந்தை பெயர், வேறு வேறு வீட்டு இலக்கம். ஆய்வு செய்கிறவளாக மாறியதும் நான் பதிவேட்டை மட்டும்தான் பார்த்தேன்.

வகுப்பு தொடங்கி இரண்டாம் வாரம் பின்வீட்டு உம்மா பாடசாலைக்கு வந்தார். அபாயாவில் மா படிந்திருந்தது, ரொட்டிக்குக் குழைத்துக்கொண்டிருந்த கையோடு வந்திருப்பார் போல.

"டீச்சர், என்ட புள்ளய மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"விடல்ல. உங்கட புள்ள ரெண்டாவது குழுவில இரிக்கா. இவங்க முடிய அவங்களுக்கும் செய்வன்."

"ரெண்டாவதெண்டா குறைஞ்சதா டீச்சர்?"

"சே, அப்பிடியில்ல. அது ஒரு ஒழுங்குக்குத்தான்."

சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்துப் படிப்பைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் குலுக்கினேன் என்று ரொட்டி மாவோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? என் கௌரவம் தப்பியது. அவர் 'குறைஞ்சது' என்ற சொல்லோடு வீட்டுக்குப் போனார்.

ஆறு கிழமை முடிய இருபது பேருக்கும் இடைச் சோதனை வைத்தேன். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வந்து தாளில் இருக்கும் சொற்களை வாசிக்க வேண்டும். பின்வீட்டுப் பிள்ளையின் முறை வந்தபோது நான் பேனாவைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பூச்சியம்தான் என்று எனக்குத் தெரியும். அவள் தாளைத் தூக்கிப் பிடித்து, "வளவு" என்றாள். அடுத்தது "கிணறு". பிறகு விரலை வைத்துக் கொஞ்சம் நின்று, "சு...ள...கு, சுளகு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டும் அப்போதுதான் பாதி முளைத்திருந்தன.

அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் கிடையாது. என் அட்டையில் மட்டும்தான் இருந்தது. நான்கு வருடமாக எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்த பிள்ளை என் கண்முன்னே வாசிக்கிறாள். எந்த ஆசிரியைக்கும் அந்த இடத்தில் நெஞ்சு நிறையும். நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

"ஆரு உனக்கு இது சொல்லித் தந்த?"

"ராத்தா."

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்களுடைய வீடு இருக்கும் குறுகலான ஒழுங்கைக்குப் போனேன். வளவைச் சுற்றி அப்போது தகர வேலி. உள்ளே போகாமல் வேலியோடு நின்று இடுக்கால் பார்த்தேன், அதுவே ஒரு அசிங்கம். கிணற்றடிச் சீமெந்தில் முன்வீட்டுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய உம்மா தலையில் போடும் முந்தானைத் துண்டொன்றை, நான் போடுவது போலவே ஒரு பக்கம் நீட்டிப் போட்டிருந்தாள். பிரம்புக்குப் பதிலாகக் கையில் ஓர் ஈர்க்கில். எதிரே நிலத்தில், வீட்டில் வாசித்துப் பார்க்க நான் கொடுத்துவிட்ட பால்மாப் பெட்டி அட்டைகள் வரிசையாக. பின்வீட்டுப் பிள்ளை சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"காதத் திருகிப் போடுவன்! என்னத்தப் பாத்துக்கிட்டு இரிக்காய், எழுத்தப் பாரு!" என்று முன்வீட்டுப் பிள்ளை என் குரலில் கத்தினாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு அச்சாக நான். ஆனால் மற்றவள் தடுமாறியதும் என்னைப் போல அவள் எரிந்து விழவில்லை. ஈர்க்கிலைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தி, அவளுடைய விரலைப் பிடித்து எழுத்தின் மேல் இழுத்து, "ஏ வருதெல்லா, அத முதல்ல சொல்லு, மறுகா ணை போடு" என்றாள். எட்டு வருடம் படிப்பித்த எனக்கு இல்லாத பொறுமை அந்த ஒன்பது வயதுக்கு இருந்தது. 'ஏணை' என்று பின்வீட்டுப் பிள்ளை வாசித்து முடித்ததும் இருவரும் எழும்பிக் கிணற்றைச் சுற்றி ஓடினார்கள்.

அந்த இடத்தில் நான் ஒரு மனுசியாக இருந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து ஆய்வுத் தலைப்பையே மாற்றியிருப்பேன். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதைவிட எழுதத்தக்க விசயம் எனக்கு வேறு என்ன கிடைத்துவிடப் போகிறது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கணக்குப் பார்த்தது வேறு. ஒரு பிள்ளை கெட்டால் பத்தில் ஒன்று கெட்டது. அவளை நீக்கினால் ஒன்பது பேர், முதற்குழுவில் பத்துப் பேர். மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. நிறுத்தினால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முன்வீட்டுப் பிள்ளையை மறித்து வைத்தேன். அட்டைகளை வாங்கி அலுமாரியில் போட்டுப் பூட்டினேன்.

"இனி அட்டைகள வீட்டுக்குக் கொண்டு போகக்கூடா. இங்க படிக்கிறத தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கவும் கூடா. வெளங்கிச்சா?"

"ஏன் டீச்சர்?"

"அது ஒரு சோதனை. கெட்டுப் போயிரும்."

அவள் யோசித்தாள். "அவ கேட்டா என்ன சொல்ற?"

"உன்னோட விளையாட விருப்பமில்ல எண்டு சொல்லு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. என்னால் முடியாது. நான் அதோடு விட்டிருந்தால் ஒரு கிழமையில் பிள்ளைகள் பழையபடி ஆகியிருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் நான் அடுத்ததைச் செய்தேன்.

"டீச்சர் சொன்ன எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடா. உம்மாக்கும் சொல்லக்கூடா. வல்லாஹி சொல்லு."

அல்லாஹ்வின் மீது சத்தியம் வாங்கினேன். வீட்டில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொன்னாலே வாயில் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை அவள். புத்தகப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வல்லாஹி, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்றாள். சிறு பிள்ளையின் சத்தியம் மார்க்கத்தில் யாரையும் கட்டுப்படுத்தாது, அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இறுதிச் சோதனையில் முதற்குழு நன்றாகச் செய்தது. முன்வீட்டுப் பிள்ளைதான் முதலாவது. பின்வீட்டுப் பிள்ளை தாளைக் கையில் எடுத்து 'சு' என்றாள், பிறகு நிறுத்திவிட்டாள். வகுப்பிலும் அவள் அப்போது ராத்தாவின் வாங்கை விட்டு வேறு வாங்குக்குப் போயிருந்தாள். அவளால் முடியவில்லையா, அல்லது வாசிக்க மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பூச்சியம் போட்டேன். போட்டுவிட்டு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதற்காக இறைவனைப் புகழ்ந்தவள் நான். தொழுகையில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இன்றைக்கும் சில வேளை நாக்குத் தடக்கும்.

ஆய்வேட்டில் ஒரு வசனம் இருக்கிறது: 'ஆய்வு நிறைவுற்ற பின்னர் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கும் இதே பயிற்சி முழுமையாக வழங்கப்பட்டது.' நடந்தது இதுதான். நான்கு நாள் வகுப்பு வைத்தேன். ஐந்தாம் நாள் நோன்பு விடுமுறை. விடுமுறை முடிய ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கும் அவசரம், பிறகு வாய்மொழிப் பரீட்சை, பிறகு ஆலோசகர் பதவி, வேறு அலுவலகம். அந்த நான்கு நாளும் பின்வீட்டுப் பிள்ளை வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவும் இல்லை. முன்வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்து வருவதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மற்றவள் தரம் ஒன்பதோடு நின்றுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் எழும்பியதைச் சொன்னவர், "அக்கா தங்கச்சிக்குள்ள என்னமோ கோவமாம்" என்றார். அதன் பிறகு அந்த ஒழுங்கையால் போவதை நான் விட்டேன். கொஞ்சம் சுற்று என்றாலும் பிரதான வீதியால் போய்வரப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினேன். வழமை போல என் ஆய்வைத்தான் திரையில் போட்டேன். முதற்குழுவின் வரைபு மேலே ஏறுகிறது, மற்றது படுத்துக் கிடக்கிறது. பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு கோட்டையும் காட்டிக் கைதட்டு வாங்குகிறேன். பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை கையை உயர்த்தினார்.

"மிஸ், மற்றப் பத்துப் பிள்ளையளுக்கும் பிறகு என்ன நடந்தது?"

குற்றம் பிடிக்கும் குரலே இல்லை. உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவங்களுக்கும் பொறகு முழுசாப் படிப்பிச்சம்" என்றேன்.

"நல்லது மிஸ்" என்று சொல்லிக் குனிந்து கொப்பியில் எழுதினார். அவர் எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அலுமாரியில் தூசு பிடித்துக் கிடந்த பொய் அன்று ஒரு நல்ல ஆசிரியையின் கொப்பியில் ஏறியது. மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, பார்த்து, மூடி வைத்தேன். பின்னேரம் பயிற்சி முடிந்ததும் நேரே அந்த ஒழுங்கைக்குப் போனேன்.

வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில். வளவின் நடுவிலும் ஒரு மதில். பின்வீட்டுக்கு ஓரமாக ஒருவர் மட்டும் போகக்கூடிய நடைபாதை. பின்வீட்டுப் பிள்ளைதான் கதவைத் திறந்தாள்; உம்மா மக்காவுக்கு உம்ரா போயிருப்பதாகவும் தான் தனியாக இருப்பதாகவும் சொன்னாள். இருபத்தொரு வயது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வீட்டுக்குள் ஏணையில் ஒரு குழந்தை தூங்கியது. மாப்பிள்ளை சம்மாந்துறை, அரிசி ஆலையில் வேலை என்றாள். நான் பேசத் துணிவில்லாமல் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய தொலைபேசி ஒலித்தது. பார்த்தாள், ஏதோ எழுத்தில் வந்திருந்தது. அதை அப்படியே இன்னொரு இடத்துக்குத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆணின் குரல் வந்தது: "கிளினிக் புதன்கிழமைக்கு மாத்தியாம்."

"எழுத்தில வந்தா இவருக்கு அனுப்பிருவன் டீச்சர். இவரு வாசிச்சிக் குரல்ல சொல்லுவாரு" என்றாள் சாதாரணமாக. "எனக்குத்தான் அந்த நாளையில இருந்து மண்டையில ஏறாதே."

"ஆரு சொன்ன?"

"எல்லாருந்தான். குறைஞ்ச குழுவில தானே நீங்களும் போட்டீங்க."

கோப்பையைக் கீழே வைத்தேன். சீட்டுக் குலுக்கிய கதையைச் சொன்னேன். சாப்பாட்டுப் பெட்டி, துண்டுத் தாள், முதலில் வந்த பத்துப் பேர், எல்லாம். "மண்டைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல மகள். உன்ட துண்டு அடியில கிடந்திச்சு. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் ஏணைக் கயிற்றை ஆட்டுவதை நிறுத்தினாள். "சீட்டா?" என்றாள். பிறகு ஒரு தரம் சிரித்தாள், அது சிரிப்பாக வரவில்லை. "எனக்கு வாசிக்க வந்திச்சி டீச்சர். கொஞ்ச நாள் வந்திச்சி. ராத்தா கிணத்தடியில வச்சிச் சொல்லித் தந்தா. மறுகா ஒரு நாள் திடீரெண்டு, 'உன்னோட விளையாட விருப்பமில்ல' எண்டு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டா. நான் அந்தக் கதவில எவ்வளவு நேரம் தட்டின தெரியுமா? உம்மா போய்ப் பெரியும்மாக்கிட்டக் கேட்டா. பெரியும்மா ராத்தாவுக்கு அடிச்சும் கேட்டா. அவ வாயே திறக்கல்ல. 'தான் கெட்டிக்காரி, நீ மக்கு எண்ட எண்ணம் அவக்கு, அதான்' எண்டு எங்கட உம்மா சொன்னா. அதுல புடிச்ச சண்டதான். இந்தா நிக்கிது மதில்."

அடித்தும் கேட்டார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நான் சொன்னேன். வேலியோடு நின்று பார்த்தது, அட்டைகளைப் பூட்டியது, அந்த வசனம் நான் எழுதிக் கொடுத்த வசனம் என்பது, வல்லாஹி என்று சத்தியம் வாங்கியது. எதையும் குறைக்காமல் சொன்னேன். அவள் என்னை ஏச வேண்டும் என்று நான் விரும்பினேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அப்ப ராத்தா வேணுமெண்டே என்னய விரட்டல்லயா?"

"இல்ல மகள்."

"பன்னெண்டு வருசம்" என்றாள். குழந்தை சிணுங்கியது, கயிற்றை மறுபடி பிடித்தாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவட கலியாணத்துக்கு நான் போகல்ல டீச்சர். இந்த மதிலுக்கு இங்கால நிண்டு றபான் அடிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்தன். எனக்குப் புள்ள கிடைச்ச நேரம் அவ பார்க்க வந்தா, நான் கதவத் திறக்கல்ல." கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எனக்கிட்ட என்னத்துக்கு இருக்கீங்க? எழும்பிப் போங்க. போய் அவக்கிட்டச் சொல்லுங்க, இனிச் சொல்லலாம் எண்டு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தக் கோபத்தில் எனக்கு அவ்வளவாக இடம் இருக்கவில்லை.

நடைபாதையால் வெளியே வந்து முன்வீட்டு வாசலுக்குப் போக நூறு அடிகூட இல்லை. பிரதான வீதிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். கேற் திறந்தே கிடந்தது. முன்வீட்டுப் பிள்ளை முற்றத்தில் கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு வீட்டுக்காரியாகி, கொஞ்சம் பருத்து, கண்ணாடி போட்டிருந்தாள். ஸலாம் சொன்னேன். திரும்பிப் பார்த்தவளின் கையிலிருந்த ஈரத் துணி அப்படியே நின்றது. நடு மதிலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எனக்குக் கிட்ட வந்து, அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி குரலை இறக்கி, நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே சொன்னாள்:

"டீச்சர், நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. வல்லாஹி, நான் சொல்லல்ல."